மருட்டும் வித்தை

அன்புள்ள ஐயா,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை எங்கள் குடும்பத் தொழில். பி.காம். முடித்துவிட்டு அங்கேயே கணக்கு எழுதுகிறேன். கல்லூரிக் காலத்தில் தற்செயலாகத் தத்துவத்துக்குள் வந்தேன். நீட்சே, காம்யு, ஷோபன்ஹவர், நாகார்ஜுனர், சங்கரர் என்று வாசிப்பும் காணொளி உரைகளுமாக இரவுகள் போகின்றன. இப்போது யாருடனும் பேச முடியவில்லை. நண்பர்கள் கிரிக்கெட்டும் நிலவிலையும் பேசுகிறார்கள். யார் எதைச் சொன்னாலும் அதிலுள்ள பிழை உடனே எனக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்லாமலும் இருக்க முடிவதில்லை. போன வாரம் அப்பா, "இதையெல்லாம் படித்து என்னடா ஆகப்போகிறது?" என்றார். "உங்களுக்குச் சொன்னால் புரியாது" என்று கத்திவிட்டேன். பிறகு யோசித்தால் எனக்கும் பதில் தெரியவில்லை. தத்துவம் படிப்பதன் நோக்கம்தான் என்ன? பட்டறையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினால் தெளிவு வருமா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

ஐந்து தத்துவவாதிகளின் பெயர்கள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. தத்துவக் கேள்வி என்று பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. அதை முதலில் கேட்டவர் உங்கள் அப்பா. நீங்கள் அவரிடமிருந்து வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கேட்ட மனிதருக்குக் கிடைத்தது வசவு.

பிளேட்டோவின் சிறிய உரையாடல்களில் ஒன்று 'யூதிஃப்ரோ'. கொலை செய்த ஒரு கூலியாளைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்புகிறார் ஒரு தந்தை. போனவன் திரும்புவதற்குள் கூலியாள் பசியிலும் குளிரிலும் செத்துப்போகிறான். அதற்காகத் தந்தை மீதே கொலைவழக்குத் தொடுக்க வந்திருக்கிறான் மகன் யூதிஃப்ரோ. தெய்வத்துக்கு உகந்தது எது என்பது தனக்குத் துல்லியமாகத் தெரியும் என்கிறான். வழக்குப் போடாதே என்று சாக்ரடீஸ் சொல்வதில்லை. அந்த நிச்சயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் விடாமல் கேட்கிறார். அவன் தரும் விளக்கங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கடைசியில், அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிடுகிறான். உரையாடல் விடையில்லாமல் முடிகிறது. அவன் நழுவியதும் நீங்கள் கத்தியதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

படிப்பாளிக்கு வரும் இந்த நோய் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் இதைத் தன்மேல் வைத்தே பாடியிருக்கிறார். ஞானம் பெரிது என்று நல்லோர் சொன்னால் நான் கர்மமே முக்கியம் என்று நாட்டுவேன், கர்மம் என்று ஒருவன் நாட்டினால் ஞானமே முக்கியம் என்பேன், வடமொழி வல்லவன் வந்தால் எல்லாம் தமிழில் வந்திருப்பதாக விவகரிப்பேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனங்களைக் கொஞ்சம் எடுத்துவிடுவேன் என்று அடுக்கிவிட்டுக் கேட்கிறார்: "வெல்லாமல் எவரையும் மருட்டிவிட வகைவந்த வித்தை என் முத்தி தருமோ?"

இந்த வித்தைக்குச் சொந்தமாக ஒரு நிலைப்பாடு தேவையே இல்லை. எதிரே இருப்பவருக்குத் தெரியாதது எது என்று மட்டும் தெரிந்தால் போதும். நீட்சேயை வைத்து பக்தரை மடக்கலாம், சங்கரரை வைத்து நாத்திகரை மடக்கலாம், ஒரே ஆள் ஒரே மாலையில் இரண்டையும் செய்யலாம். சேலத்தில் இரு தரப்புக்கும் ஆள் பஞ்சமில்லை. ராஜாஜி வக்கீல் தொழில் நடத்தி நகராட்சித் தலைவராகவும் இருந்த ஊர் இது. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இதே ஊரில்தான். நண்பர்களின் பிழை உடனே தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த 'உடனே'யைத்தான் சந்தேகிக்கிறேன். பிழையைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். முதலில் அவர் என்ன சொல்லவருகிறார் என்று புரிய வேண்டுமே.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். நான் இருக்கும் ஏற்காட்டுக்குச் சனிக்கிழமைதோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அமைதி தேடி வருபவர்களில் சிலர், "புத்தகமெல்லாம் வீண், அனுபவம் போதும்" என்று என்னிடம் சொல்வதுண்டு. விவரம் தெரிந்தவர்கள் தாயுமானவரின் இதே பாட்டின் முதல் அடியையும் சொல்வார்கள்: "கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்." கரைகண்டவர் தன்மேல் சலித்துச் சொன்னதைப் புத்தகம் திறக்காதவர் நற்சான்றிதழாக மாட்டிக்கொள்வது வேடிக்கைதான். அனுபவம் போதும் என்பதும் ஒரு தத்துவ நிலைப்பாடு, அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

சரி, நோக்கம். நாம் நம்புகிறவற்றை எந்த ஆதாரத்தில் நம்புகிறோம் என்று அறிவதற்காகத்தான் தத்துவம் என்பேன். மன அமைதிக்காகப் படிக்கிறேன் என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதற்கு நடைப்பயிற்சி மேல்.

உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளியைக் கண்ணால் பார்ப்பது காட்சி. உரசிப் பார்த்தோ உருக்கிப் பார்த்தோ இவ்வளவு தரம் என்று முடிவுக்கு வருவது கருதல். இத்தனை டச், அதாவது இவ்வளவு சுத்தம், என்று விற்பவர் சொன்னதை ஏற்பது உரை. அறிவு வரும் வழிகளாகச் சைவ சித்தாந்தம் இம்மூன்றையும் கொள்கிறது. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவைகள், அதாவது அறிவு வரும் வழிகள், இரண்டே, காட்சியும் கருதலும். கண்ணால் காணும் உலகமே உண்மை என்ற உலகாயதர் காட்சியோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்த வியாபாரியின் வாய்ச்சொல்லை உங்கள் அப்பா அப்படியே ஏற்கிறார், எவரிடம் உருக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார், ஏன்? நம்பத் தகுந்தவர் யார், அவர் சொல் எப்போது அறிவாகும் என்று நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்களும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட விஷயம் அவருக்கு அன்றாடப் பிழைப்பு. தவறினால் அவருக்குக் கைநஷ்டம். நமக்கு அப்படி எதுவும் இல்லாததால் நாம் கவனமில்லாமல் இருக்கிறோம்.

நாகார்ஜுனரை நீங்கள் எந்த வழியில் அறிந்தீர்கள்? காணொளியில் ஒருவர் சொன்னதை ஏற்றிருந்தால் அது உரை. அதில் குற்றமில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். அதை நானே கண்டறிந்தேன் என்ற தொனியில் நண்பர்களிடம் பேசும்போது உருக்கிப் பார்க்காத வெள்ளியைச் சுத்தம் என்று விற்கிறீர்கள். பட்டறையில் இதைச் செய்வீர்களா?

வேலையை விட வேண்டாம். ஸ்பினோசா கண்ணாடி வில்லைகள் தேய்த்துப் பிழைத்தவர். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோது, சிந்திக்கும் சுதந்திரம் குறைந்துவிடும் என்று மறுத்துவிட்டார். முழுநேரம் கிடைத்தால் தெளிவு வரும் என்பது எனக்கு நம்பிக்கை தரும் வாதமாக இல்லை. இப்போது இருக்கும் நேரத்தில் ஐந்து பேரை நுனிப்புல் மேய்கிறீர்கள், முழுநேரம் கிடைத்தால் ஐம்பது பேர் ஆகும்.

ஒரு வேலை தருகிறேன். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதியபோது, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார். 14 பிற மதங்களின் வாதங்களை முதலில் எடுத்துச் சொல்லி, அதன் பிறகே மறுக்கும் பகுதி அது. முதலில் வருபவர் உலகாயதர். மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல் விளக்கவுரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். மறுப்புக்குப் போகாமல், உலகாயதர் தரப்பை மட்டும் உங்கள் சொல்லில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு அதில் உடன்பாடா இல்லையா என்று நான் கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருக்க வேண்டும்.