ஜூக்கன் குகைகள்: அனுமதி இருந்ததே?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் பாறைக்குகைகளை வெடிவைத்துத் தகர்த்ததைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். அவர்கள் முறையாக அனுமதி வாங்கித்தானே செய்தார்கள்? பூர்வகுடிகளும் சுரங்கத்துக்கு ஒப்பந்தம் போட்டவர்கள்தான். பிறகு நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியா?

ச.

அன்புள்ள ச.,

அனுமதியும் இருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. சிக்கலே அங்கேதான்.

பூர்வகுடிகளின் பாரம்பரிய இடங்களுக்கான மேற்கு ஆஸ்திரேலியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம், 18ஆம் பிரிவின்கீழ், குகைகளை அழிக்க 2013இல் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. எப்படியும் போகப்போகிற இடம், கிடைப்பதை எடுத்து வைப்போம் என்று மறுவருடம் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். சுமார் 7,000 பொருட்கள் கிடைத்தன. கங்காரு எலும்பைக் கூராக்கிய கருவி ஒன்றுக்கு வயது 28,000 ஆண்டு. 46,000 ஆண்டுகளாக அங்கே மனிதர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், பனியுகத்தின் கடும் வறட்சியிலும்கூட. எனக்கு மனதில் நிற்பது ஒரு பின்னல்தான். பலருடைய தலைமுடியைச் சேர்த்துப் பின்னியது, 4,000 ஆண்டுப் பழையது. மரபணுச் சோதனையில் அந்த முடிக்கு உரியவர்கள் அந்த நிலத்தின் பூர்வகுடிகளான இன்றைய புட்டு குந்தி குர்ரமா, பினிகுரா மக்களின் முன்னோர் என்று தெரிந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் இருந்த இடம் என்று அவர்கள் சொல்லிவந்ததற்கு ஆய்வகமே ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி.

இவ்வளவும் தெரியவந்தது அனுமதிக்குப் பிறகு. புதிதாக என்ன தெரிந்தாலும் கொடுத்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க அன்று அந்தச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. மேல்முறையீட்டு உரிமை நிறுவனத்துக்கு இருந்தது, பூர்வகுடிகளுக்கு இருக்கவில்லை!

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். சுரங்கத்தை விரிவாக்க நான்கு வழிகள் இருந்தன. மூன்றில் குகைகள் தப்பியிருக்கும். அந்த மூன்றையும் அம்மக்களிடம் சொல்லவே இல்லை என்று நாடாளுமன்ற விசாரணையில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நான்காவது வழியில் கூடுதலாகக் கிடைப்பது 80 லட்சம் டன் இரும்புத்தாது, மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2020 மே மாதம், ஜூலையில் குகைக்குப் போய்வரலாமா என்று கேட்டபோதுதான் வெடிவைக்கப் போகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. மே 24இல் தகர்த்துவிட்டார்கள். எதையும் தெரிவிக்காமல் வாங்கிய சம்மதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தலைமைச் செயல் அதிகாரி உட்பட மூவரின் பதவி போனது. சட்டம்? 2021இல் புதிதாக ஒன்று வந்தது. 2023 ஜூலையில் அமலாகி, நிலவுடைமையாளர்கள் போட்ட கூச்சலில் ஆகஸ்டிலேயே அரசு அதைக் கைவிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டமே திருத்தங்களோடு திரும்பியது. புதிய தகவல் கிடைத்தால் இனி அமைச்சரிடம் தெரிவித்தாக வேண்டும். பூர்வகுடிகளும் மேல்முறையீடு செய்யலாம். அனுமதியில் கடைசிக் கையெழுத்து மட்டும் இன்றும் அமைச்சருடையதுதான்.