நியூயார்க்கில் பெண்கள் மேலாடையின்றி இருக்கலாமா? சட்டப்படி எங்கே செல்லும், எங்கே செல்லாது

கேள்வி: நியூயார்க் பூங்காக்களில் பெண்களும் மேலாடை இல்லாமல் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்கிறார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில் தடை என்றுதான் இருக்கிறது. எது சரி? கொலராடோ, மேரிலாந்து போனால் என்ன?

பதில்: இரண்டுமே சரி. குழப்பமே அங்கேதான்.

நியூயார்க் தண்டனைச் சட்டம் 245.01ஆம் பிரிவு பெண்ணின் மார்பைப் பொது இடத்தில் காட்டுவதை இன்றும் குற்றமாகவே எழுதி வைத்திருக்கிறது. 1986இல் ராசெஸ்டர் நகரப் பூங்கா ஒன்றில் மேலாடையைக் கழற்றிய பெண்கள்மீது போட்ட வழக்கு 1992இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' வரை போனது. (அந்த மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது அதற்குக் கீழே உள்ள நீதிமன்றம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.) வணிக நோக்கமும் ஆபாச நடத்தையும் இல்லாதபோது இந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. சமத்துவ உரிமை பற்றி பெரும்பான்மைத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, பிரிவுக்குப் பொருள் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே இதை அரசியல் சாசனம் தந்த உரிமை என்று பேசுவது தவறு. 2013இல் நியூயார்க் நகரக் காவல்துறையும், மேலாடை இல்லை என்பதற்காக மட்டும் பெண்களைக் கைது செய்யக் கூடாது எனத் தன் ஆட்களுக்கு அறிவுறுத்தியது.

கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரத் தடைக்கு எதிரான இடைக்கால உத்தரவை 2019இல் பத்தாவது சர்க்யூட் நீதிமன்றம் (சர்க்யூட் என்பது பல மாநிலங்களுக்குப் பொதுவான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) உறுதி செய்தது. நகரம் தடையை நீக்கியது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் ஆறு மாநிலங்கள் வருவதால் ஆறிலும் சுதந்திரம் வந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். நம்பிப் போகாதீர்கள். அங்கே தடுக்கப்பட்டது ஒரு நகரத்தின் விதி மட்டுமே. மற்ற ஊர்களின் விதிகள் தாமாக மறைந்துவிடவில்லை. மேரிலாந்தின் ஓஷன் சிட்டி கடற்கரையில் நேர் எதிர்: 2017இல் கொண்டுவந்த தடை 2021இல் நான்காவது சர்க்யூட்டில் செல்லும் என்றானது.

எனவே போகுமுன் மூன்றைப் பாருங்கள்: மாநிலச் சட்டப் பிரிவு, அதற்கு நீதிமன்றம் சொன்ன பொருள், அந்த ஊரின் நகராட்சி விதி. பலர் கோட்டை விடுவது மூன்றாவதில். கடை, உணவகம், தனியார் குளம் எல்லாம் வேறு கணக்கு. உரிமையாளர் வெளியே போகச் சொல்லியும் நின்றால் அத்துமீறல் வழக்கு வரும், மேலாடைத் தீர்ப்பு அங்கே உதவாது.

போலீஸ் நிறுத்தினால் அந்த இடத்தில் வாதாடிப் பயனில்லை. மூடச் சொன்னால் மூடிவிடுங்கள்; வாக்குவாதம் முற்றினால் ஒழுங்கீனக் குற்றம் தனியாகச் சேரும். நேரம், இடம், அதிகாரியின் பேட்ஜ் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்மன் கொடுத்தால் அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்: 245.01 என்றால் 1992 தீர்ப்பைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். குறித்த தேதியில் ஆஜராகாமல் விட்டால் வாரண்ட் வரும், வழக்கு எவ்வளவு பலவீனமானதாக இருந்தாலும் சரி.