பாழடைந்த பழைய வீட்டு மனையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினால் உண்மையில் என்ன கிடைக்கும்?

எங்கள் பக்கத்தில் முதலில் கிடைப்பது லாடம்தான். நான் செங்கோட்டைக்காரன். புளியரையைத் தாண்டி, கணவாய்க்கு ஏறும் பழைய வண்டித்தடத்தை ஒட்டி அம்மா பிறந்த வீட்டு மனை இருக்கிறது. இப்போது மாமா பெயரில். கூரை விழுந்து மண்சுவர் கரைந்து, கிணறும் புளியமரமும் ஓர் ஆட்டுரலும்தான் மிச்சம். மாமாவிடம் கேட்டுக்கொண்டு நாலு வருஷமாக அங்கே தேடுகிறேன். மாட்டுக் குளம்பு பிளந்தது என்பதால் ஒரு குளம்புக்கு லாடம் இரண்டு துண்டு. அப்படி அரைச் சாக்கு சேர்ந்திருக்கிறது.

இரும்பு ஓசையே வராதபடி கருவியை அமைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசின் ஓசையை அந்த ஆணியே விழுங்கிவிடும். எல்லாவற்றையும் கேட்டுக் காதைப் பழக்கிக்கொள்வதுதான் நல்லது. எங்கள் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், கருவி சும்மாவே கீச்சிடும். வெறும் மண்மேல் கருவியின் அடியிலுள்ள வட்டத்தை ஏற்றி இறக்கி, இரைச்சல் அடங்கும்வரை மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்த பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

வீட்டுக்குள்ளே அதிகம் கிடைக்காது. தினமும் பெருக்கிச் சாணி மெழுகிய தரையில் விழுந்த காசு அன்றே கண்ணில் பட்டிருக்கும். திண்ணைக்குக் கீழே, வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகும் தடம், களம் இவற்றைப் பாருங்கள். உட்கார்ந்து மடியை அவிழ்த்த இடத்தில்தான் காசு நழுவும்.

எங்கள் மண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அதனால் ஒரே திண்ணைக்குக் கீழே 1835-ஆம் ஆண்டுக் கம்பெனிக் காலணாவும், சங்கு போட்ட திருவிதாங்கூர்க் காசும், 1943 முதல் வந்த ஓட்டைக் காலணாவும் எடுத்தேன். திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் பதினாறு காசு ஒரு சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அரை கிராம்கூட எடை இல்லை. கையால் எண்ண முடியாமல், குழி போட்ட பலகையில் கொட்டி எண்ணினார்கள். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே போனால் என் கருவிக்கு அது கேட்காது. கிணற்றடி மண்ணைச் சல்லடையில் சலித்தபோதுதான் ஒன்று கிடைத்தது.

கூரை ஓட்டில் 1865 என்று பார்த்தால் வீட்டுக்கு அந்த வயது என்று நினைத்துவிடாதீர்கள். அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம்; பிற்பாடு செய்த ஓட்டிலும் அதையே பதித்தார்கள்.

கிடைத்த செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். முதல் காலணாவை நான் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கினேன். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விட்டது. இன்றும் அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.

அடுத்து, வாயைக் காக்க வேண்டும். சக்கரம் கிடைத்த சந்தோஷத்தில் டீக்கடையில் சொல்லிவிட்டேன். ஒரே வாரத்தில் யாரோ ராத்திரியில் வந்து திண்ணையை மார்பளவு தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டுரலையும் புரட்டிவிட்டார்கள். ஒன்றும் கிடைத்திருக்காது. அறுபது எழுபது வருஷம் மனிதர்கள் உட்கார்ந்த திண்ணை போய்விட்டது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கு 1968-ல் வந்த தனிச் சட்டம் உண்டு. நான் காசுகளைப் பட்டியலிட்டு, மாமா கையெழுத்தோடு மனுக் கொடுத்துவிட்டேன். தொல்லியல் துறை காக்கும் இடத்துக்கும் காட்டுக்கும் கருவியோடு போகவே கூடாது. பாழ் மனையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு புதருக்குள் மறைந்திருக்கும், கல்லிடுக்கில் விரியன் இருக்கும். தனியாகப் போகாதீர்கள், கையை விட்டுத் துழாவாதீர்கள்.

எது எடுத்தாலும் ஒரு உறையில் போட்டு, 'கிணற்றுக்குக் கிழக்கே ஏழடி' என்பதுபோல இடத்தை எழுதி வைக்கிறேன். போன தைக்கு ஒரு பித்தளை மூடி கிடைத்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தையிடம் காட்டினேன். "இது ஒங்க ஆச்சியோட சுண்ணாம்புக் கரண்டகத்து மூடில்லா, தொலச்சிட்டு ஒரு வாரம் யாரோடயும் பேசல" என்றார்கள். அப்புறம் அதை முந்தானையில் துடைத்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்கள்.