கொல்லைக் கதவுக்கு எதற்கு கேட்வே?

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ இருக்கும் சர்வர்களைக் கவனிப்பது என் பிழைப்பு. எல்லையின் இரு பக்கமிருந்தும் கேள்விகள் வரும். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை மெய்நிகர் சர்வருக்கு (நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும், மென்பொருளால் ஆன சர்வர்), சர்வர்கள் தங்களுக்குள் பேசும் பிரைவேட் நெட்வொர்க்குக்காக இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் சேர்த்துவிட்டு அதோடு மல்லுக்கட்டுகிறவர்களுடையவை.

குமுளி வாசகர்: ஏலக்காய்க் கடையின் கணக்குக்காக இரண்டு உபுண்டு சர்வர்கள் எடுத்திருக்கிறோம். பிரைவேட் நெட்வொர்க் சேர்த்தேன். வாடகை நிறுவனத்தின் பேனலில் (இணையக் கட்டுப்பாட்டுப் பக்கம்) 10.20.0.5 என்று காட்டுகிறது. சர்வருக்குள் பார்த்தால் அந்த முகவரியே இல்லை.

பேனலில் நீங்கள் செய்தது கேபிளைச் செருகிய வேலை மட்டும். பல நிறுவனங்களில் முகவரியை இயங்குதளத்துக்கு நாம்தான் சொல்ல வேண்டும். 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்தால் கார்டுகளின் பெயரும், ஒவ்வொன்றின் அடையாள எண்ணான மேக் முகவரியும் வரும். பேனலில் உள்ள மேக் முகவரியோடு ஒத்துப் பாருங்கள். கார்டின் பெயரை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். உபுண்டு 18.04 முதல் முகவரி கொடுக்கும் வேலை நெட்பிளான் என்ற அமைப்புக் கருவியுடையது. சர்வர் எழும்போது தானாக அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட் எழுதிய கோப்பைத் தொட வேண்டாம், அது மறுபடி எழுதப்படலாம். பெயர் 60 என்று தொடங்கும் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, முகவரியையும் அதன் பின்னால் பேனல் சொல்லும் /24 போன்ற நெட்வொர்க் அளவையும் எழுதுங்கள். டேப் விசை கூடவே கூடாது. எழுதி முடித்ததும் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் டிரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

செங்கோட்டை வாசகர்: அல்மா லினக்ஸில் (இன்னொரு லினக்ஸ் வகை) பிரைவேட் கார்டுக்கு முகவரி, கேட்வே (வெளியே போகும் வழி) எல்லாம் கொடுத்தேன். அத்துடன் சர்வரை வெளியிலிருந்து தொட முடியவில்லை.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைபேசியிலேயே ஒரு சர்வருக்குள் நுழைந்து, காலியாக இருந்த கேட்வே வரியை நிரப்பினேன். காலியாக இருந்தால் ஏதோ குறை என்று நினைக்கும் வயது. கோபாலபுரம் தாண்டுவதற்குள் இணைப்பு போயிற்று. பொள்ளாச்சியில் இறங்கி, தெரிந்தவர் கடைக் கணினியில் நிறுவனத்தின் வெப் கன்சோலை (சர்வரின் நெட்வொர்க் போனாலும் அதன் திரையை உலாவியில் காட்டும் வசதி) திறந்து சரிசெய்து முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது.

காரணம் எளிது. எங்கே போவது என்று தெரியாத தரவுப் பொதிகளை அனுப்பும் வழிதான் டிஃபால்ட் கேட்வே. அது இணையத்தைப் பார்க்கும் பொதுக் கார்டில் ஒன்று இருந்தால் போதும். பிரைவேட் கார்டு வீட்டின் கொல்லைக் கதவு. அடுத்த வீட்டுக்குப் போக அது போதும், ஊருக்குப் போக அல்ல. இரண்டிலும் கேட்வே இருந்தால், வாசல் வழியாக வந்தவருக்கான மறுமொழி கொல்லை வழியாகப் போய்விடக்கூடும். வந்தவர் வாசலில் காத்திருப்பார். கன்சோல் வழியாக நுழைந்து, நெட்வொர்க் அமைப்பை மாற்றும் 'என்எம்சிஎல்ஐ' கட்டளையில் அந்த இணைப்பின் கேட்வேயை நீக்கி, 'நெவர்-டிஃபால்ட்' என்பதை 'எஸ்' ஆக்குங்கள். வேறொரு பிரைவேட் சப்நெட்டுக்கும் (முகவரிகளின் ஒரு தொகுதி) போக வேண்டுமா? அந்தச் சப்நெட்டுக்கு மட்டும் தனி ரூட் (வழி) எழுதுங்கள்.

நகரி வாசகர்: விசைத்தறிக் கூடத்தின் கணக்கு விண்டோஸ் சர்வரில் இருக்கிறது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குப் பிங் (இருக்கிறாயா என்று தட்டிப் பார்க்கும் சிறு செய்தி) போட்டால் பதில் வருகிறது, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போட்டால் வரவில்லை.

பிங்கில் பதில் வருகிறது என்றால் பாதை நன்றாகவே இருக்கிறது. கேட்வே இல்லாத கார்டை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று முடிவு செய்து, பொது இடம் என்ற வகையில் போடும். அந்த வகையில் ஃபயர்வால் உள்ளே வரும் பிங்கை மறுக்கும். இதற்காகக் கேட்வே கொடுத்துவிடாதீர்கள், மேலே சொன்ன பஸ் கதைதான் நடக்கும். ஃபயர்வாலை அணைப்பதும் மருந்தல்ல. எக்கோ கோரிக்கைக்கான (அதாவது பிங்குக்கான) விதியையும், தேவையான போர்ட்டையும் (சேவையின் நுழைவெண்), உங்கள் பிரைவேட் சப்நெட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

களியக்காவிளை வாசகர்: இரண்டு சர்வர்களுக்கும் பிங் ஒழுங்காகப் போகிறது. பேக்கப் கோப்பை நகலெடுத்தால் ஆரம்பத்திலேயே உறைந்து நிற்கிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் எல்லாம் சரியாகவே தெரியும். எம்டியுவைப் பாருங்கள். கார்டு ஒரே தடவையில் தூக்கும் பொதியின் உச்ச அளவு அது, வழக்கமாக 1500 பைட். பல நிறுவனங்கள் பிரைவேட் நெட்வொர்க்கை விஎக்ஸ்லான் என்ற கூடுதல் உறைக்குள் போட்டு அனுப்புகின்றன. உறைக்கே 50 பைட் போய்விடும், மிச்சம் 1450. சின்ன பிங் நுழைந்துவிடுகிறது, பெரிய கோப்பின் பொதி முட்டி நிற்கிறது. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1422 மட்டும் போனால் வியாதி இதுதான். இரு பக்கமும் எம்டியுவை 1450 ஆக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மறுபடி எழுதாதீர்கள்.

சித்தூர் (பாலக்காடு) வாசகர்: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பிரைவேட் முகவரியை எங்கே எழுதுவது?

ஆர்சி கான்ஃப் கோப்பில் ஒரே வரி. கேவிஎம் (மெய்நிகர் சர்வர்களை இயக்கும் மென்பொருள்) சர்வர்களில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் விடிநெட்1 என்று வரும்.

திருத்தணி வாசகர்: பிரைவேட் நெட்வொர்க்தானே, டேட்டாபேஸுக்குக் கடவுச்சொல் இல்லாமல் விட்டால் என்ன?

விடாதீர்கள். 1996இல் வந்த ஆர்எப்சி 1918 என்ற இணைய நெறி ஆவணம் ஒதுக்கிய, 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இணையத்தில் செல்லாது, அவ்வளவே. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. சில நிறுவனங்களில் அதே டேட்டா சென்டரின் மற்ற வாடிக்கையாளர்களும் அதே பிரைவேட் நெட்வொர்க்கில் இருப்பார்கள். உங்களுடையது தனியா, பகிர்ந்ததா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். எதுவானாலும், உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்று வைத்துக்கொண்டால், அது பிரைவேட் முகவரியில் மட்டும் காது கொடுக்கட்டும், ஃபயர்வால் அதை நாடும் ஒரு வெப் சர்வரை மட்டும் அனுமதிக்கட்டும், கடவுச்சொல்லும் இருக்கட்டும். சர்வர் மறுபடி தொடங்கும்போது கார்டுக்கு முகவரி வருவதற்கு முன்பே போஸ்ட்கிரெஸ் எழுந்துவிட்டால் அந்த முகவரியைப் பிடிக்க முடியாமல் போகும். ஒரு முறை ரீபூட் செய்து பார்த்துவிட்டே வீட்டுக்குப் போங்கள்.