லயோல் மடக்குக்கத்தி: கைவேலையின் தடம் எது, குறை எது?

கேள்வி: பிரான்சில் செய்த லயோல் மடக்குக்கத்தி ஒன்றைச் சுமார் 150 யூரோ கொடுத்து வாங்கினேன். மடக்கினால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பிடியின் முதுகிலுள்ள ஸ்பிரிங்குக்கும் பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது. முதுகிலுள்ள செதுக்கல்கள் ஒரே அளவாக இல்லை. கைவேலை அப்படித்தான் இருக்கும் என்கிறார் கடைக்காரர். திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: செதுக்கல்களைப் பொறுத்தவரை கடைக்காரர் சொல்வது சரி. அவை அரத்தால் ஒவ்வொன்றாக அராவப்படுபவை. சற்றே முன்பின்னாக இருப்பது கைபட்டதன் தடம். மற்ற இரண்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நீங்கள் கொடுத்த பணம் எஃகுக்கானது அன்று. இத்தகைய கத்திகள் பலவற்றில் உள்ள 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகின் நெருங்கிய வகைதான், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் ஒபினெல் என்ற இன்னொரு பிரெஞ்சு மடக்குக்கத்தியின் துருப்பிடிக்காத அலகிலும் இருக்கிறது. ஸ்பிரிங்கின் தலையிலுள்ள தேனீச் சின்னமும் தரத்துக்குச் சான்று ஆகாது. அந்தச் சின்னத்தையும் லயோல் என்ற ஊர்ப்பெயரையும் உலகின் பல மூலைகளில் பொறித்து விற்கிறார்கள். அலகு, ஸ்பிரிங், தகடு மூன்றையும் ஒரு கைவினைஞர் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்துகிறாரே, விலை அந்தப் பொருத்தத்துக்குத்தான். பொருத்தமே பிசகினால் கைவேலை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

அலகைப் பாதி திறந்து, அதன் பக்கவாட்டை விளக்கடியில் பாருங்கள். தகட்டில் உரசிய மெல்லிய நீளக்கீறல் தெரிந்தால் அந்தச் சாய்வு குறைதான். கீறல் இல்லாவிட்டால் சாய்வை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து, முழுதும் திறந்து நுனியைப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆட்டம் கொடுத்தால் அச்சாணி தளர்ந்திருக்கிறது. கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், நடுப்பகுதியில் ஊசிமுனை அளவுக்கு ஏதாவது மின்னுகிறதா என்றும் பாருங்கள்; மடங்கும்போது வாய் ஸ்பிரிங்கில் மோதினால் அங்கே மழுங்கி அப்படி மின்னும். ஆனால் லயோல் கத்தியைப் பட்டென்று மூடினால் நல்ல கத்திக்கும் இது நேரலாம் என்பதால், விரலால் தாங்கி மெதுவாகவே மூட வேண்டும்.

வெளிச்சம் தெரியும் இடைவெளியால் வெட்டும் திறன் குறையாது. ஆனாலும் பழச்சாறும் ஈரமும் அதில் தங்கும், அதைத் துடைத்தெடுக்கவும் முடியாது. 20 யூரோ கத்தி என்றால் விட்டுவிடச் சொல்வேன். இந்த விலைக்கு அதை ஏற்க வேண்டியதில்லை, மாற்றித் தரும்படி கேளுங்கள். அதுவரை கத்தியைப் பயன்படுத்தவோ சாணை பிடிக்கவோ வேண்டாம்.