கறுப்புப் புகைக்கு முதலில் காற்றைப் பாருங்கள்

கார் பக்கம்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது 2011 ஸ்விஃப்ட் டீசல். காரைக்குடியில் வாங்கி இங்கேயே ஓட்டுகிறேன். 1,60,000 கி.மீ. ஆகிவிட்டது. லாரியை முந்த ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவருக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை இல்லை, ஆயிலும் குறைவதில்லை. இழுவை மட்டும் முன்போல் இல்லை. மைலேஜ் 19-லிருந்து 16-க்கு வந்துவிட்டது. புகைச் சோதனையில் 2.9 காட்டியது, சான்றிதழ் தரவில்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் டேங்கில் ஊற்றச் சொல்லி ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், காரைக்குடி)

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். புகையின் நிறத்தையும் அது எப்போது வருகிறது என்பதையும் சரியாக எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஸ்டார்ட்டிங்கில் புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் பக்கம் போகத் தேவையில்லை. மிதிக்கும்போது மட்டும் கறுப்பாக வருகிறது என்றால், உள்ளே போகும் டீசலுக்குப் போதுமான காற்று இல்லை என்று அர்த்தம். டீசல் கூடியிருக்கலாம், காற்று குறைந்திருக்கலாம். காற்றைப் பார்க்கச் செலவு குறைவு, அதனால் அங்கேயே ஆரம்பிப்போம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்கு, சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. தட்டிப் போடுவதும் காற்றடித்துப் போடுவதும் அவசரத்துக்குச் சரி. சில நூறு ரூபாய்ப் பொருள்தான், புதிதே போட்டுவிடுங்கள்.

அடுத்து, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ். உங்கள் 75 குதிரைத்திறன் இன்ஜினில் அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் கிடையாது, ஆகவே பார்க்க வேண்டிய குழாயும் குறைவு. இன்ஜின் ஆறியதும் ஹோஸின் அடிப்பக்கத்தையும் கிளாம்ப் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். வெடிப்போ ஆயில் கசிந்த ஈரமோ தட்டுப்பட்டால் காற்று அங்கே வெளியேறுகிறது. மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று புதிதாகச் சத்தம் கேட்டாலும் அதேதான். இழுவை குறைந்ததாக நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இந்த ஹோஸ் மேல்தான் முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் ஈ.ஜி.ஆர். வால்வு மேல். சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற வால்வு அது. எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதைக் கட்டுப்படுத்துவதற்காக வைத்தது. கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அதில் தார் மாதிரி படியும். வால்வு முழுதாக மூடாமல் சிக்கிக்கொண்டால், மிதிக்கும் நேரத்திலும் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சில ஷெட்டில் தகடு வைத்து அந்த வழியையே அடைத்துவிடுவார்கள். கறுப்புப் புகை குறையும், சான்றிதழும் கிடைத்துவிடும். ஏனென்றால் டீசல் காருக்கான சோதனை எந்திரம் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறது, கண்ணுக்குத் தெரியாத வாயுவை அது அளப்பதில்லை. நான் அந்த வேலையைச் செய்து கொடுப்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குச் சொல்வது அதுதான். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்துக் காயவிட்டால் போதும். துணியால் துடைத்தால் போச்சு, புதிது வாங்க வேண்டியதுதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டருக்கு வாருங்கள். நான்கையும் மாற்றச் சொன்னவரிடம் "ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயில் ஆளுக்கொரு பாட்டில் மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு டீசல் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் இருந்து ஒன்று மட்டும் ஏறி நின்றால், தேய்ந்தது அந்த ஒன்று. ரிட்டர்ன் சரியாக இருந்து இன்ஜெக்டர் நுனியிலுள்ள நாசில் மட்டும் ஒழுகுவதும் உண்டு, அதைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எப்படியும் சோதிக்காமல் நான்கை மாற்றச் சொல்வது உங்கள் பணத்தில் அவர் செய்யும் பரிசோதனை. இதை வீட்டில் முயல வேண்டாம். நான்கு இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் ஓடும் டீசலின் அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டேங்கில் ஊற்றக் கொடுத்த பாட்டிலைப் பற்றி: நாசிலில் லேசாக அழுக்கு இருந்தால் ஓரளவு கேட்கும். கிழிந்த ஹோஸை அது ஒட்டாது. அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டரை மாற்றுங்கள்.

இனி சோதனை. பி.எஸ்.4-க்கு (அரசின் புகை விதியான பாரத் ஸ்டேஜின் நான்காம் நிலை) முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியின் உச்ச அளவு 2.45, பி.எஸ்.4-க்கு 1.62. 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 கட்டாயமானது சென்னை உள்பட 13 நகரங்களில் மட்டும்தான், நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் ஒரே வருடத்தில் வாங்கிய இரண்டு காருக்கு வேறு வேறு அளவு இருக்கலாம். உங்கள் ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு நேராக வீட்டு வாசலிலிருந்து போகாதீர்கள். பைபாஸில் அரை மணி நேரம், 2500, 3000 ஆர்.பி.எம்.மில் ஓட்டிவிட்டு அதே சூட்டோடு போங்கள். இது ஏமாற்று வேலை இல்லை, இன்ஜின் ஆயில் குறைந்தது 60 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பதே விதி. மெதுவாக ஓடி ஓடிச் சைலன்சரில் அடைந்த கரியும் வழியிலேயே போய்விடும். அங்கே ஆக்சிலரேட்டரைக் கடைசி வரை மிதிப்பார்கள், கிளம்பும் முன் ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய டீசல் ஜீப் காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, கண் எரிகிறது. சூடேறியதும் நின்றுவிடுகிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங்) போயிருக்குமா?
(வாசகர், ஊட்டி)

பதில்: கண் எரிந்தால் அது எரியாத டீசல். ஸ்டார்ட்டிங்குக்காக இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் நான்கில் ஒன்று செத்தாலும் இப்படித்தான் இருக்கும். பிளக்கும் ரிலேயும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன், பம்ப் டைமிங் பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் அப்போது கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். இன்னொன்று, ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், காற்று மெலிசு. டர்போ இல்லாத பழைய வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்பாக விட்டால் அதற்காகப் பம்பைத் திருகாதீர்கள்.

கேள்வி: பழைய டர்போ டீசல் கார் வாங்கினேன். நீலப் புகை, ஆயிலும் குறைகிறது. ஓட்டலாமா?
(வாசகர், வேலூர்)

பதில்: ஓட்டாதீர்கள். ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ சீல் மூன்றில் ஒன்று. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும், முதலில் அதைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் டர்போ ஹோஸைக் கழற்றுங்கள், உள்ளே ஆயில் தேங்கி நின்றால் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போங்கள். ஓட்டினால் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாக வேகமெடுக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. கியர் வண்டியில் வழியில் அப்படி ஆகிவிட்டால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் திணறி அணையும். பானெட்டைத் திறந்துகொண்டு கிட்டே போக வேண்டாம்.