"போரைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள்!

(வேலூர்ப் பக்கத்து ஊர்களில் முதிய படைவீரர்களின் நினைவுகளைப் பதிவு செய்துவரும் முன்னாள் சிக்னல்ஸ் (ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவு) ஹவில்தார் ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அப்பாவுக்கு வயது 79. 1971 போரில் கிழக்கே இருந்தவர். செல்போனை எதிரில் வைத்து "போரைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்றால், "சொல்ல என்ன இருக்கு, போனோம், வந்தோம்" என்று எழுந்துவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அப்படிக் கேட்டால் நானும் எழுந்துதான் போவேனம்மா. பாகிஸ்தான் படை டாக்காவில் டிசம்பர் 16 அன்று சரணடைந்ததும், சுமார் 93,000 பேர் கைதானதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு உங்கள் அப்பா தேவையில்லை.

பரண் மேல் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்குமே, வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியது? அதை இறக்கி, அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக் (பணி விவரம் எழுதி, விடுவிக்கும்போது கொடுப்பது) கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷங்களை முன்னே பின்னே சொல்வார், பேசும்போது குறுக்கே திருத்த வேண்டாம். ராத்திரி நீங்களே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1971 போருக்குக் கொடுத்த சங்க்ராம் மெடல் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், அவர் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பழைய இன்லண்ட் லெட்டரில் '99 ஏபிஓ' (ராணுவத் தபால் நிலைய எண்) என்று மட்டும் இருக்கும். பட்டாளத்துக்காரன் எந்த ஊரில் இருக்கிறான் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உங்களுக்கு அதுதான் முதல் கேள்வி: "இதை எழுதினப்போ எங்கப்பா இருந்தீங்க?"

அடுத்து சாப்பாடு. எங்கள் தெருவில் நாயக் ரேங்கில் இருந்து வந்த ஒருவர் இருந்தார், வாயே திறக்காத மனுஷன். "பூரியும் ஷக்கர்பாராவும் கட்டிக் கொடுப்பாங்களாமே, எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டேன் (ஷக்கர்பாரா என்பது எண்ணெயில் பொரித்த இனிப்புத் துண்டு). பை நனைந்து பூரி ஊறிப்போனதில் ஆரம்பித்தார். அதிலிருந்து ஆறு, ஆறு தாண்டியபோது யார் யார் கூட இருந்தார்கள், அதில் திரும்பி வராத ஒருவர் என்று தானாகவே போனது. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மற்றபடி, காலை காபிக்குப் பிறகு உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. பீரங்கிப் படையில் இருந்தவர் என்றால் ஒரு காது மந்தமாக இருக்கலாம், நன்றாகக் கேட்கும் பக்கமாக உட்காருங்கள். முக்கால் மணி நேரம் போதும். அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். மணியார்டர் வராத மாதம் எப்படிப் போனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் மாமனார் ஏஎஸ்சி-யில் (படைக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுசேர்க்கும் பிரிவு) லாரி டிரைவர். துப்பாக்கிச் சண்டை எதையும் பார்த்ததில்லை, பதக்கம் வாங்கியதில்லை. அவரிடம் பதிவு செய்ய என்ன இருக்கிறது?
– வாசகர், ஆரணி

பதில்: முன்னால் இருந்தவன் சாப்பிட்டதும் சுட்டதும் அவர் லாரியில் வந்ததுதான், ஐயா! முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரன் ஊர் ஊராகப் பதித்த கற்களைப் பார்த்திருப்பீர்கள். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பெயர்கூடக் கிடையாது. போனவர்களில் டிரைவர் யார், சமையல்காரர் யார், கோவேறு கழுதை ஓட்டியவர் யார் என்று இன்றைக்கு யாரைப் போய்க் கேட்பது? மலைப் பாதையில் ராத்திரி விளக்கில்லாமல் கான்வாய் (லாரி வரிசை) எப்படிப் போகும் என்று மாமனாரிடம் கேளுங்கள். வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

கேள்வி: தாத்தா இந்திய அமைதிப் படையில் யாழ்ப்பாணம் போனவர். நிறையச் சொல்லியிருக்கிறார், பதிவும் செய்துவிட்டேன். யூடியூப்பில் போடலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: அவசரப்படாதே தம்பி. 1987-லிருந்து 1990 வரை அங்கே இருந்த மற்ற ஜவான்களுக்கு ஊர் ஜனங்கள் பேசுவது வெறும் சத்தம். தமிழ் தெரிந்த நம் ஆட்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. தாத்தா உன்னிடம் சொன்னதைப் பேரனிடம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். முழுப் பதிவையும் அவரை வைத்துக்கொண்டே ஒருமுறை போட்டுக் காட்டு. எந்தப் பகுதி வெளியே போகலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும், எது தன் காலத்துக்குப் பிறகு என்று அவரே சொல்லட்டும். அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடு.

பத்திரப்படுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2000-இல் சட்டமே போட்டு, காங்கிரஸ் நூலகம் (அவர்கள் நாடாளுமன்ற நூலகம்) அந்நாட்டு வீரர்களின் பேட்டிகளை வாங்கி வைக்கிறது. குறைந்தது 30 நிமிடம் இருந்தால் சொந்தக்காரர்கள் எடுத்த பதிவும் செல்லும். நீ தாத்தாவின் ரெஜிமெண்ட் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று அத்தை வீட்டில். செல்போனில் மட்டும் விட்டு வைக்காதே. போன் தண்ணீரில் விழுந்தது என்று என்னிடம் அழுதவர்கள் நிறைய.